இருபத்திரண்டில் ஒன்று

"இந்தச் சேட்டோட எப்பிடியடா யசிந்தாக்கு முன்னால போய் நிக்கிறது?" றொக்சன் கேட்டான். சட்டையின் தோளில் தையல் விட்டிருந்தது.

"நீ போறதெண்டா என்ரயைப் போட்டுக்கொண்டு போ. முதல்ல தாளைக் கலக்கு," என்றான் அனோஜன்.

கீரிக் கடற்கரையில் இழுத்துவிட்டிருந்த வள்ளத்தின் நிழலில் இருவரும் இருந்தார்கள். யசிந்தாவின் வீட்டுக்கு ஒருவன்தான் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எவன் என்பதைப் போக்கர் தீர்க்கும். வள்ளம் கழுவுவது, வலையிலிருந்து மீன் கழற்றுவது எல்லாவற்றுக்கும் அந்த வள்ளத்தில் தொழில் செய்யும் மூவரிடமும் அதுதான் வழக்கம்.

றொக்சன் மூன்று பேருக்குத் தாள் போட்டான்.

"நிறோஜனுக்கு ஏன் போட்டனி?"

"கை தன்பாட்டில போட்டிட்டுது, மச்சான்."

கவிழ்ந்து கிடந்த அந்த இரண்டு தாளையும் இருவரும் தொடவில்லை. தங்கள் தாள்களை மட்டும் திருப்பினார்கள். அனோஜனிடம் இரண்டு அஞ்சு. றொக்சனிடம் இரண்டு ராசா. நடுவில் ஐந்து தாள் விழும். அதில் இன்னொரு அஞ்சு வந்தால்தான் அனோஜனுக்கு வழி.

"எத்தினையில ஒண்டு சான்ஸ்?" றொக்சன் கேட்டான்.

"அஞ்சில ஒண்டு."

"ஓ-லெவலில கணக்குக்கு டபிள்யூ எடுத்துப் பெயிலானவன், இதில மட்டும் புரொபெசர்."

வழக்கமான பகிடிதான். இருவரும் சிரிக்கவில்லை.

"நிறோஜன்ர தாளுக்குள்ள அஞ்சு கிடந்தா?" றொக்சன் விடவில்லை.

"காணாத தாள் எல்லாம் கட்டுக்குள்ள இருக்கிறமாதிரித்தான் கணக்கு. போடு."

முதல் மூன்று தாள் விழுந்தன. ஒன்பது, ராணி, ரெண்டு.

"இப்ப பதினொண்டில ஒண்டு," என்றான் அனோஜன். நான்காவது ஏழு. அவன் குரல் இறங்கியது. "இருபத்திரண்டில ஒண்டு."

றொக்சன் கடைசித் தாளை மெல்லத் திருப்பினான். கிளாவர் அஞ்சு.

அனோஜன் கண்ணை மூடி மூச்சை விட்டான். றொக்சன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

அனோஜன் தன் சேட்டைக் கழற்றி நீட்டினான். "இந்தா."

தோற்றவன்தான் போகவேண்டும்.

றொக்சன் சேட்டை மாற்றிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தான். பிறகு மணலிலேயே குந்திவிட்டான். "எனக்கு வாய் வராதடா."

வென்றவன் அங்கேயே இருந்திருக்கலாம். கிழிந்த சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினான். "எழும்பு. நானும் வாறன்."

கோயிலுக்குப் பின்னாலிருந்த ஒழுங்கையில் யசிந்தாவின் படலை திறந்தே கிடந்தது. சத்தம் கேட்டு அவள் மா ஒட்டிய கையோடு வெளியே வந்தாள். இருவரையும் கண்டதும் சிரித்தாள்.

"இப்பதானோ கடலால வாறியள்? இருங்கோ, மூண்டு பேருக்கும் புட்டு இறக்கிறன்."

இருவரும் படலையைத் தாண்டவில்லை. அவள் அவர்களுக்குப் பின்னால் ஒழுங்கையைப் பார்த்தாள். அவர்களுடைய முகங்களைப் பார்த்தாள். மறுபடி ஒழுங்கையைப் பார்த்தாள்.

"என்ர மனுசன் எங்க?"