எட்டு வருஷம் என்ன சார் படிச்சீங்க?

"எட்டு வருஷமா? அப்படி என்ன சார் படிச்சீங்க?"

பேகாயிம் சிரிக்காமல்தான் கேட்டாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் கால்களை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். வாசலில் ஷூவுக்கு மேல் மாட்டிவிட்ட நீலப் பிளாஸ்டிக் உறை கிழிந்து, அசையும்போதெல்லாம் சரசரவென்று மானத்தை வாங்கியது.

எங்கள் பிஷ்கெக் நகரத்தில் என் வயசுக்காரர்கள் எல்லாம் பேரனைத் தொட்டிலில் போடும் விருந்துக்கு ஆடு வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். நானோ கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, வயிற்றை எக்கிப் பிடித்தபடி, என் மகள் வயசுப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் அவள் பத்துப் பேருக்குத் தலைவி. வரவேற்பில் இருந்த பெண் "வேலைக்கா சார்?" என்று கேட்டபோது, "வேலை விஷயமாத்தாம்மா" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ்ல முதுகலை, அப்புறம் முனைவர் பட்டம் மேடம். ஆறு வருஷத்துல முடிக்கணும். எனக்கு எட்டு ஆச்சு."

"ஏன்?"

"மூளை அவ்வளவுதான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். காலையில் என் மனைவி ஜில்டிஸ், கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே படித்துப் படித்துச் சொன்னாள்: "ரெண்டு கம்பெனில சிரிச்சே அனுப்பிட்டாங்க. இங்கயாவது உங்களை நீங்களே மட்டம் தட்டிக்காதீங்க. இதுவும் போச்சுன்னா செப்டம்பர்ல இருந்து உங்களுக்கு வேலை இல்லை. ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருக்காமல் என்ன? மச்சான் ஏற்கெனவே தன்னுடைய கார் கழுவும் கடையில் எனக்கு ரப்பர் பூட்ஸ் எடுத்து வைத்துவிட்டான். அளவுகூடக் கேட்டான், பாவி.

பேகாயிம் டீ ஊற்றினாள். பாதிக் கிண்ணம்தான். எங்கள் ஊரில் நிறைய ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அப்பாடா, இன்னும் உயிர் இருக்கிறது.

"நான் காலேஜ் முடிச்ச கையோட இங்க வந்துட்டேன்" என்றாள். "இந்த ஆபீஸ்ல முதுகலை படிச்சவங்க ஒருத்தர்கூடக் கிடையாது. கம்பெனி நல்லாத்தான் ஓடுது. அப்புறம் எதுக்கு சார் அந்தப் படிப்பு?"

உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிப்பையே போட்டுக் குடைந்தாள்.

"அதனால சம்பளம் கூடுமா?"

"என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?"

"இப்பல்லாம் கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதிடுதே?"

"எழுதுது மேடம். ஆனா அது தப்பா எழுதினா கண்டுபிடிக்க ஒரு ஆள் வேணும். தப்பு பண்றதுல எனக்கு நல்ல பழக்கம் உண்டு."

"உங்க ஆய்வேட்டை யாராவது படிச்சாங்களா?"

"என் வழிகாட்டி பாதி படிச்சார். மீதியை நான் படிச்சேன்."

அட மடையா, வாயை மூடித் தொலையேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"போன வாரமும் ரெண்டு பேர் வந்தாங்க" என்றாள் அவள். "ஓஹோன்னு பேசினாங்க. பளபளன்னு படமெல்லாம் போட்டுக் காட்டினாங்க."

போச்சு. என்னிடம் படமும் இல்லை, பளபளப்பும் இல்லை.

அவள் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினாள். அதில் கோடுகளும் புள்ளிகளுமாக இடம் இல்லாமல் கிறுக்கியிருந்தது. "எங்க வண்டிங்க தினம் ஆயிரம் வீட்டுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்குது. எந்த வண்டி எந்த வரிசையில போனா தூரம் ரொம்பக் கம்மின்னு துல்லியமா, சட்டுனு சொல்லணும். மூணு மாசமா மண்டையை உடைச்சுக்கறேன். கேக்கறதுக்கு இங்க ஆள் இல்லை."

வந்த காரியம் மறந்துபோய், சரசரவென்று எழுந்து பலகை அருகே போனேன்.

"துல்லியமாவும் வேணும், சட்டுனும் வேணும்னா, அந்த வழியை இதுவரைக்கும் உலகத்துல யாருமே கண்டுபிடிக்கல மேடம். ஏறக்குறைய நல்ல வழி போதும்னு இறங்கி வாங்க. இந்த வாரத்துலயே முடிச்சிடலாம்."

அவள் முகம் வாடிவிட்டது. "அப்ப என் மூணு மாசம்?"

"என்னோட ரெண்டு வருஷம் இதே கணக்குல முட்டிக்கிட்டுத்தான் போச்சு. அதான் ஆறு எட்டாச்சு." பலகையில் இருந்த ஒரு புள்ளியை விரலால் தொட்டேன். "அங்க படிச்சது அவ்வளவுதான் மேடம், எந்தச் சுவத்துல முட்டிக்கக் கூடாதுன்னு. அதையும் முட்டித்தான் தெரிஞ்சுகிட்டேன்."

அவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜில்டிஸ் முகத்தில் எப்படி விழிப்பது? டீயை அப்படியே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

"நில்லுங்க சார்" என்றாள். "பல்கலைக்கழகத்துல நீங்க நடத்தற முதுகலை வகுப்புல என் பேரைச் சேர்த்துக்கங்க. நீங்க அனுப்பின கடிதத்துல இருந்த மாதிரி, ஒரு ஆளாவது சேர்ந்தா உங்க துறையை மூட மாட்டாங்கல்ல?"