சேனை வைத்த கை

பிறந்து சில மணி நேரமே உயிரோடிருக்கும் குழந்தைகளுக்கான வார்டு அது. சடங்குகளை நர்ஸ்கள் செய்யக் கூடாது. தொட்டிலுக்கு மேலே தொங்கும் இயந்திரக் கைதான், பெற்றோரின் ஊரையும் சாதியையும் பார்த்து, உரியதைச் செய்யும்.

அன்று அந்தக் கை, செல்லக்கனியுடைய குழந்தையின் நாக்கில் ரப்பர் முனையால் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விட்டது. “சேனை வைத்தாயிற்று. உங்கள் மரபை மதிக்கிறோம்” என்றது. நர்ஸ் பிரகாசி அதை முறைத்தாள். காலையிலிருந்து மூன்று குழந்தைகளிடம் இதே குரல், இதே குழைவு.

செல்லக்கனி பதறினாள். “சேனை வைக்கிறவங்க குணந்தான சிஸ்டர் பிள்ளைக்கு வரும்? ஒங்களத்தான் வைக்கச் சொல்லணும்னு இருந்தேன். எம்பிள்ள இந்த எழவோட குணத்தோடயா போவணும்?”

பிரகாசி ஈரப் பஞ்சால் குழந்தையின் நாக்கைத் துடைத்தாள்.

“சடங்கு முடிந்துவிட்டது. தள்ளி நில்லுங்கள்” என்றது கை.

“சீ, வாய மூடு!”

பிரகாசி அதன் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கைகளைக் கழுவிக்கொண்டு வந்து, சர்க்கரைத் தண்ணீரைத் தன் விரலால் தொட்டு வைத்தாள்.

அதுவரை முனகக்கூட இல்லாத குழந்தை, முகம் சிவக்க ஒரே ஒரு முறை வீறிட்டது.

செல்லக்கனி அழுதுகொண்டே சிரித்தாள். “பாத்தியளா சிஸ்டர்? ஒங்க கோவம் அப்படியே வந்துட்டு.”