சிவப்புப் புள்ளி வைத்த பேட்டரி

“இது என் பேட்டரி இல்ல.”

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த வேன்காரி விருட்டென்று நிமிர்ந்தாள். நிமிர்ந்த வேகத்தில் மூடியில் மண்டை இடித்தது. ஏற்கெனவே இருந்த கோபத்தோடு அந்த வலியும் சேர்ந்துகொண்டது.

“நல்லாப் பாருங்கக்கா,” என்றான் மெக்கானிக். போட்டிருக்கும் கண்ணாடியின் கனத்தால் அந்தத் தெருவே அவனைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடும்.

“என்னத்தப் பாக்கறது? என் பொருள்னா சிவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி இருக்கும். டிபன் பாக்ஸ்ல இருக்கு, குடையில இருக்கு, ஜாக்கியில இருக்கு. பேட்டரி வாங்கின அன்னிக்கே வெச்சேன். இதுல எங்க புள்ளி?”

இல்லைதான். பேட்டரியின் தலை மொட்டையாக இருந்தது.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் அது. கொஞ்ச நாளாகவே காலையில் சாவியைத் திருப்பினால் ‘உர்ர்... உர்ர்...’ என்று காய்ச்சல்காரன் மாதிரி முனகியது. இரண்டு நாள் கிளம்பவே இல்லை. இன்னொரு தடவை லேட்டானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு என்னவோ எப்படியோ முக்கி முனகிக் கிளம்பிவிடுகிறது. ஆனால் சாவியைத் தொடும்போதெல்லாம் இன்றைக்குக் கிளம்பாதோ என்ற பயம்தான் அவளுக்கு. இன்று பள்ளி விடுவதற்குள் கோளாறைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்றுதான் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தாள்.

“அக்கா, ஒரு நிமிஷம் மீட்டர் வெச்சுப் பாத்துட்டு...”

“மீட்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும்.”

வேறு யார், அவள் புருஷன்தான். அவன் ஓட்டும் டாக்சிக்கும் இதே அளவு பேட்டரிதான். இந்த ஓட்டை வேனை வாங்காதே என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டவன் அவன். அவள் கேட்கவில்லை, வளையலை விற்று வாங்கினாள். அன்றிலிருந்து வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது.

இப்போதெல்லாம் அவன் டாக்சியை வீட்டு வாசலில்கூட நிறுத்துவதில்லை. தெருக்கோடி மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு நடந்து வருகிறான். ஏன் என்று இப்போதல்லவா புரிகிறது. திருடின பொருளை யார் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள்?

போனை எடுத்தாள். “எங்க இருந்தாலும் உடனே ஒர்க்‌ஷாப்புக்கு வா.”

கல்யாணமான நாளிலிருந்து வாங்க, போங்க என்றே பேசிய வாய் அது. “வரேன்” என்றான் அவன்.

டாக்சி வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமலே இறங்கினான்.

“பானெட்டைத் திற.”

“இப்ப எதுக்கு? எனக்குச் சவாரி இருக்கு.”

“திறன்னா திற.”

“எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம்.”

ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஜன்னல் வழியாகக் கையை விட்டாள். “ஆஃப் பண்ணாத” என்று அவன் பதறி ஓடிவருவதற்குள் சாவியைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள்.

உள்ளே பேட்டரியின் தலையில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று இருந்தது.

“எல்லாரும் பாத்துக்குங்க. பொண்டாட்டி வண்டியிலயே கை வெச்ச ஆம்பளை.” அவள் குரல் தெருமுனை வரை போனது. “புள்ளைங்க ரோட்டுல நிக்கணும், என் பொழப்புல மண்ணு விழணும், நான் அப்பவே சொன்னேன்னு நீ நெஞ்சை நிமித்தணும். அதுக்குத்தானே உன் செத்த பேட்டரியை என் தலையில கட்டின?”

அவன் சாவிக்காகக் கையை மட்டும் நீட்டினான்.

அவள் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் சோடாபுட்டி வேனில் மீட்டரை வைத்துப் பார்த்திருந்தான். இப்போது டாக்சியிலும் வைத்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வைத்தான்.

“அக்கா, செத்தது இந்தப் புள்ளி வெச்ச பேட்டரிதான். உங்க வேன்ல இருக்கற அண்ணன் பேட்டரி நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் வேன் முனகுது?”

“எஞ்சினைக் கிளப்பற ஸ்டார்ட்டர் மோட்டார் உள்ள தேஞ்சு உரசுது. கரெண்டை அள்ளி அள்ளிக் குடிக்குது. முதல்ல உங்க பேட்டரியைக் குடிச்சு முடிச்சிருச்சு, இப்ப அண்ணனோடதுல ஆரம்பிச்சிருக்கு. மோட்டாரைக் கழட்டினா பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள சரி பண்ணிடலாம்.” சோடாபுட்டி டாக்சியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். “ஆனா இதை ஏன்க்கா அணைச்சீங்க? இனிமே சாவிக்குக் கிளம்பாது. சரிவுல உருட்டினாத்தான் உண்டு.”

மேட்டில் நிற்கும் டாக்சி அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா என் பேட்டரியை வாங்கியிருப்பியா?” என்றான் அவனும் எரிச்சலாகவே. “சாவியைக் குடு. சவாரி காத்துக்கிட்டிருக்கு.”

“இருங்கண்ணே, வேற பேட்டரியிலேருந்து ஒயர் போட்டுக் கிளப்பி விடறேன்” என்று சோடாபுட்டி உள்ளே ஓடினான்.

அதுவரை காத்திருக்க அவளால் முடியவில்லை. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். ஒர்க்‌ஷாப் வாசலோ மருந்துக்கும் சரிவில்லாத சமதரை. சாவியை அவன் கையில் திணித்துவிட்டு, டாக்சியின் பின்னால் போய் டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

“வாயை மூடிக்கிட்டு ஏறி உக்காருங்க. நான் தள்ளுறேன்.”