ஓசி சீட்

சோளக்காட்டில் பஸ்ஸைத் தவறவிட்ட கருப்பண்ணன், வந்த ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தினார்.

"செம்மேடு ஸ்கூலுக்குப் போகோணும் கண்ணு. விழாக் கமிட்டித் தலைவரே நான்தான். நான் நேரத்துக்குப் போகலீன்னா துணைத் தலைவரு வேல்முருகன் மாலையைப் போட்டுப் பேப்பர்ல வந்துருவான்!"

"ஏறுங்க," என்றாள் ஜீப் ஓட்டி வந்த பெண். அவரோடு அவருடைய பலாப்பழமும் ஏறியது.

"யாருக்குங்க மாலை?"

"விண்வெளிக்குப் போய்ட்டு வந்த பொம்பளையாமா. சின்னதுல நம்ம ஸ்கூல்ல படிச்சவளாமா. அமெரிக்காவா, ரஷ்யாவா? ஒண்ணுமில்லை. நம்ம தாலுகா அளவுக்கு ஒரு தீவு நாடு! சொந்தமா ஒரு ராக்கெட்டுக்கு வக்கில்லை. அடுத்தவன் ராக்கெட்டுல ஓசியில தொத்திக்கிட்டுப் போனதுக்கு மாலை ஒரு கேடா?"

"அங்க போயி ஏதாச்சும் வேலை பார்த்திருப்பாங்களேங்க?"

"என்ன பெரிய வேலை? ஓசியில ஏறுனவங்களுக்கு என்ன மரியாதை கண்ணு!" பலாப்பழத்துக்கு இடம் போதாமல், அவளுடைய பையைக் காலால் நகர்த்தினார். "கொஞ்சம் வெரசா ஓட்டு சாமி."

பள்ளி வாசலில் மேளம் முழங்கியது. மாலையோடு ஓடி வந்த தலைமையாசிரியரிடமிருந்து கருப்பண்ணன் அதைப் பறிக்காத குறையாக வாங்கினார். தள்ளி நின்ற வேல்முருகனைப் பார்த்து மீசையை முறுக்கினார்.

"எங்க அந்தம்மா? வந்தாச்சா, இல்லியா?"

"என்னங்க தலைவரே, நௌஷீன் மேடம் ஓட்டி வந்த ஜீப்புலயே வந்து இறங்கிட்டு இப்படிக் கேக்கறீங்க!" என்றார் தலைமையாசிரியர்.

கருப்பண்ணனின் கையில் மாலை அப்படியே தொங்கியது.

நௌஷீன் பலாப்பழத்தை இறக்கி அவர் காலடியில் வைத்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் திரும்பினாள்.

"முதல் மாலையை அவருக்கே போட்டுருங்க சார். ஓசியில ஏறி வந்தவங்களுக்கு எங்க நாட்டுல ரொம்ப மரியாதை."