லாரிக்கு ஒரு நடை

"மூணு வாரமா பாக்கறேன். சனிக்கிழமை விடிஞ்சும் விடியாம ஒருத்தி வந்து வீடு வீடா வாசல்ல வெச்ச குப்பை மூட்டையை அவிழ்த்துக் கிளறிட்டிருக்கா. நீங்க என்ன சங்கச் செயலாளரோ!" என்றாள் மனைவி.

செயலாளருக்குச் சுருக்கென்றது. அதுவும் இந்த நேரத்திலா? நாளை பத்து மணிக்குத்தான் நகராட்சியில் அவர் தெருவுக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார்கள்.

சும்மா வந்த கேடயமல்ல. முன்பெல்லாம் இந்த அறுபது வீட்டு அட்டையையும் பாட்டிலையும் அள்ள நகராட்சியின் குட்டி லாரி சனிக்கிழமைதோறும் இரண்டு நடை வரும். பாதித் தெருவிலேயே நிரம்பிவிடும். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிடங்குக்கு ஓடிப் போய்க் கொட்டிவிட்டு, மறுபடி ஓடி வரும்.

செயலாளர்தான் மண்டையை உடைத்துக்கொண்டு நோட்டீஸ் அடித்தார். 'அட்டைப் பெட்டியை மடியுங்கள். பாட்டிலை நசுக்குங்கள். டீசல் போட்டுக் காற்றையா சுமப்பது?'

இரண்டே மாதத்தில் லாரிக்கு ஒரு நடை போதுமென்றாகிவிட்டது. பாதி டீசல் மிச்சம். நோட்டீஸின் அந்தக் கடைசி வரி அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய், ஏற்புரையிலும் சேர்த்து வைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட தெருவில் திருட்டா? கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று, மறுநாள் சனிக்கிழமை இருட்டு பிரியும் முன்பே தெருமுனை மின்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூட்டையை அவிழ்த்து உள்ளே கையை விட்டாள்.

"யாரும்மா நீ? என்ன திருடறே?"

பதறி எழுந்தாள். கையில் ஒரு காலி பாட்டில். "திருடலை சார். நசுக்கறேன்."

"நசுக்கறியா?"

அவள் பாட்டிலைக் கீழே போட்டு மிதித்து, மூடியைத் திருகி, திரும்ப மூட்டைக்குள்ளேயே போட்டாள். அடுத்து ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கிச் செருகினாள்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

"லாரி ஓட்டறது என் வீட்டுக்காரர் சார். ரெண்டு நடை அடிச்சா அவர் வீடு வர நாலு மணி ஆயிடும். எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட். நடுவுல பொண்ணை உள்ளே வெச்சுப் பூட்டிட்டுப் போவேன். மூணு வயசு. அழுது அழுது கதவுகிட்டயே தூங்கிப் போயிருப்பா. ஒரு நடைன்னா அவர் ஒண்ணரைக்கே வந்துடறார்."

செயலாளர் குனிந்து மூட்டையைப் பார்த்தார். "அப்ப எங்க நோட்டீஸைப் பார்த்து யாருமே..."

"ஆரம்பத்துல ரெண்டு மூணு வீட்ல செஞ்சாங்க சார். அப்புறம் விட்டுட்டாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவர் தூங்கி எழறதுக்குள்ள ஓடிடுவேன். இந்தத் தெருவுல எல்லாரும் தங்கமானவங்கன்னு வாராவாரம் வந்து சொல்றார். அப்படியே நினைச்சுட்டிருக்கட்டும்."

கேடயத்தையும் ஏற்புரையையும் நினைத்தபோது செயலாளருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பா பேசிட்டேம்மா, மனசுல வெச்சுக்காதே. நான் ஏதாவது செய்யட்டுமா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"மத்த வீடெல்லாம் சமாளிச்சுடுவேன் சார். அதோ, அந்தப் பச்சை கேட் வீட்டு மூட்டைதான் உயிரை வாங்குது. ஒரு பாட்டில்கூட நசுக்கியிருக்காது, ஒரு பெட்டிகூட மடிச்சிருக்காது. அவங்களுக்கு மட்டும் உங்க நோட்டீஸை இன்னொரு தடவை கொடுங்க சார்."

"இன்னிக்கே கொடுத்துடறேன்" என்றார் செயலாளர்.

அவள் எல்லா மூட்டையையும் முடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி மறையும்வரை காத்திருந்து, பிறகுதான் அந்தப் பச்சை கேட்டைத் திறந்துகொண்டு தன் வீட்டுக்குள் போனார்.