ணங் என்று கத்திய வண்டு

பழைய வீடு ஒன்றைப் பிரித்துக் கட்டினார்கள். இறக்கிப் போட்ட மரங்களை ஆசாரி கொட்டாப்புளியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "ணங்" என்று கேட்டால் புதுக்கூரைக்கு. "பொத்" என்று கேட்டால் டீக்கடை அடுப்புக்கு.

வரிசையில் கிடந்த ஓர் உத்தரத்துக்கு வியர்த்துக் கொட்டியது. வெளியே பளபளவென்று பெயிண்ட். உள்ளே வண்டு தின்றது போக மிச்சம் வெறும் காற்றுதான்.

"டேய் வண்டு, என்னைத் தின்னுதானே இப்படிக் கொழுத்திருக்கே? அவர் தட்டும்போது 'ணங்'னு கத்துடா!"

"அவ்வளவுதானேண்ணே!"

கொட்டாப்புளி விழுந்ததும் வண்டு தொண்டை கிழியக் கத்தியது. "ணங்ங்ங்!"

ஆசாரி சொக்கிப்போனார். "அடேயப்பா! முதலாளி, இது வைரம் பாய்ந்த மரம். நடு உத்தரமே இதுதான்!"

மற்ற மரங்களெல்லாம் வாயைப் பிளக்க, உத்தரம் கயிற்றில் ஆடி ஆடி மேலே போனது. போகிற வழியில் காக்கைகளைப் பார்த்துக் கண்ணடித்தது. உச்சியில் சந்தனம், குங்குமம், பூமாலை! வண்டு உள்ளே குதியாட்டம் போட்டது.

அப்புறம்தான் உத்தரம் கீழே பார்த்தது. மலைபோல ஓடுகள் குவிந்து கிடந்தன.

"தம்பி, அத்தனையும் நம்ம தலையிலதானாம். நீ கொஞ்சம் தாங்குவியா?"

"எனக்குக் கத்தத்தான் தெரியும்ணே" என்றது வண்டு.

முதல் ஓடு ஏறும் முன், அந்த அருமையான சத்தத்தை இன்னொரு முறை கேட்கும் ஆசையில் ஆசாரி மேலே ஏறி வந்து கொட்டாப்புளியை ஓங்கினார். வண்டு உற்சாகமாக வாயைத் திறந்தது.

உத்தரம் முந்திக்கொண்டது. ஊருக்கே கேட்கும்படி அலறியது.

"பொத்! பொத்! பொத்!"