செவ்வாய்க்கிழமைத் தவணை

“இண்டைக்கும் பத்து ரூபாதானா?”

முகைதீன்பாவாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓட்டமாவடியிலிருந்து சித்தாண்டி வரை புடவை மூட்டையோடு சைக்கிள் மிதித்து, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மூட்டையை அவிழ்த்துக் காட்டி வந்து சேர்ந்தால், செவ்வாய்க்கிழமை தோறும் இதே கூத்து.

மங்கையற்கரசிக்கு ஊரில் நல்ல பேர் இல்லை. அவரிடம் தவணைக்கு எடுத்த இரண்டு சேலைக்கு இரண்டு வருசமாக இழுத்தடிக்கிறவளைச் கூட்டுறவுச் சங்கக்கடையும் நம்பவில்லை, சீட்டிலும் யாரும் சேர்க்கவில்லை. “அவளுக்குக் கடன் குடுக்கிறதும் ஆத்துக்குள்ள காசக் கொட்டுறதும் ஒண்டு” என்று ஊரே அவருக்குப் புத்தி சொல்லியாகிவிட்டது.

போனவுடன் ‘காக்கா’ என்று அண்ணன் முறை சொல்லித் தேத்தண்ணி தருவாள். அவருடைய பிள்ளைகளை ஒவ்வொருவராக விசாரிப்பாள். எல்லாம் வாயை அடைக்கிற தந்திரம் என்பது அவர் கணிப்பு.

“இஞ்ச பாருங்க தங்கச்சி, பாய் இழைக்கிறீங்கதானே? மாசம் ரெண்டு பாய் தாங்க. வித்துக் கழிக்கிறன்.”

“வேணாம் காக்கா.”

“அப்ப வெள்ளாமை வெட்டுக்குப் போய், கூலிய எடுத்து மொத்தமாத் தாங்க. அதுவரைக்கும் நான் வரல்ல.”

“ஐயோ, வராம விட்டுராதீங்க!”

“சரி, பாதியத் தள்ளிட்டன். மிச்சத்தத் தந்து கணக்க முடிங்க.”

அதற்கும் மாட்டேன் என்று தலையாட்டினாள். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இவளிடம் முடியாது.

“அப்ப முழுசையும் விட்டுட்டன்! இனி உங்களுக்குக் கடனும் இல்ல, நான் இந்தப் பக்கம் வரவும் மாட்டன்.”

சைக்கிளைத் திருப்பினார். மங்கையற்கரசி ஓடிவந்து மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“நில்லுங்க காக்கா.”

உள்ளே போய் ஒரு துணி முடிச்சோடு வந்தாள். அவிழ்த்தால் நூறு ரூபாய்த் தாள்கள். கடனைப்போல இரண்டு மடங்கு தேறும்.

“சல்லிய வைச்சிக்கிட்டா என்னை இவ்வளவு நாளும் அலைய வைச்சீங்க?”

“பாய் வித்த காசு. இப்பவே தந்து முடிக்கலாம். முடிச்சா மறுகா நீங்க வருவீங்களா?”

அவருக்கு விளங்கவில்லை. அவள் பக்கத்து வீட்டு வளவைக் காட்டினாள். படலை சாத்திக் கிடந்தது. முற்றமெல்லாம் புல்.

“சீதேவிப்பிள்ளை அக்காவும் என்னைப்போல தனிக்கட்டைதான். விறகுக்குப் போனவ திரும்பி வரல்ல. அவ இல்லையெண்டதே ஒரு மாசத்துக்குப் பிறகுதான் ஊருக்குத் தெரியும். என்ட புருசனையும் மகனையும் ஆமி பிடிச்சிக்கிட்டுப் போனப்ப, முகாம் முகாமா ஏறி இறங்க நான் ஒருத்தி இருந்தன். எனக்கு ஆர் இருக்காங்க?”

முகைதீன்பாவா சைக்கிளை வேலியில் சாத்தினார்.

“அக்காவுக்கு ஒருத்தரிட்டயும் கடன் இல்ல காக்கா. நாளைக்கு நான் காணாமப் போனா, கடன் குடுத்த நீங்களாவது தேடி வருவீங்கதானே?”